விலைக்கு வாங்கிய பகை

மர்வா மைதானத்தின் கிழக்குப் பகுதியில் முந்நூறு பேர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, வெறுப்பு ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள். காலை பத்தரை மணி. ஆட்டம் எதுவும் இல்லை, பந்துகூட இல்லை. நாளை நடக்கவிருக்கும் இறுதிப் போட்டிக்கு இது ஒத்திகை.

கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரொமில்டா, உணர்வேற்றியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். முந்நூறு நெற்றிப்பட்டைகளிலும் பச்சைப் புள்ளி எரிந்தது. முதலில் சிலர் கால் மாற்றி உட்கார்ந்தார்கள். ஒருவன் பல்லைக் கடித்தான். பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். மூன்றாவது நிமிடத்தில் முந்நூறு பேரும் எழுந்து நின்று, நரம்பு புடைக்க, ஒரு தடவைகூடப் போயிராத ஊரின் பாட்டைத் தெரியாத மொழியில் பாடினார்கள். சுவரில் இருந்த பகைமானியின் முள் எழுபதைத் தாண்டியது.

இந்தக் கூத்து எதற்கென்றால், மர்வா நாட்டின் கால்பந்து லீக் யாருக்கும் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் முப்பது பேரை வாங்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களையும், அவர்கள் கால் பிடித்துவிட்டவர்களையும் வாங்கினார்கள். மழை பெய்யும் நாட்டிலிருந்து புல்லை மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டி விமானத்தில் கொண்டுவந்து ஒட்டினார்கள். ஐரோப்பா மாதிரி இருக்க வேண்டும் என்று முப்பத்தெட்டாவது நிமிடத்தில் கூரையிலிருந்து தூறல் போடும் தூவி ஒன்றையும் பொருத்தினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டம் அலுவலகக் கூட்டம் போலத்தான் நடந்தது. அறுபதாயிரம் நாற்காலிகளிலும் தூத்துக்குடியிலிருந்தும் காத்மாண்டுவிலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் கொண்டுவந்த இருக்கைப் பணியாளர்கள் உட்கார்ந்து, பலகையில் 'கைதட்டு' என்று வந்தால் தட்டினார்கள். உலகம் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஐரோப்பாவுக்கு மாறிக்கொண்டது.

லீக் தலைவர் ஒரு நிபுணர் குழுவைப் போட்டார். இரண்டு வருடம் விருந்து சாப்பிட்ட பிறகு குழு கண்டுபிடித்துச் சொன்னது ஒரே வரி: இங்கே யாருக்கும் யார் மேலும் வெறுப்பு இல்லை. ஐரோப்பாவின் பழைய ஊர்களில் தாத்தா காலத்துப் பகை இருக்கிறது, பக்கத்துத் தெருக்காரனை முறைத்துக்கொண்டே பிறந்து வளர்ந்து சாகிறார்கள், அது ஊற நூற்று முப்பது வருடம் ஆகும் என்றது குழு.

தலைவர் யோசிக்கவில்லை. "விலைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார்.

கிடைத்தது. ஐரோப்பா எதைத்தான் விற்காமல் இருந்தது? செயின்ட் ஆல்ட்ரிக் என்ற துறைமுக ஊரின் ரசிகர்கள் சிலரது தலையில் ஆறு பருவங்கள் பட்டை கட்டி, அவர்கள் மைதானத்தில் பட்ட உணர்வுகளை எல்லாம் நாடாவாகப் பதிந்து வைத்திருந்தது ஒரு நிறுவனம். உணர்வுநாடா, பட்டை கட்டியவரின் தலைக்குள் படங்களை ஏற்றாது. உணர்ச்சியையும், அந்த உணர்ச்சியில் உடம்பு செய்ததையும் மட்டும் ஏற்றும். முஷ்டி மடங்கும், தொண்டை பாடும், கண் யாரைத் தேடியதோ அதே மாதிரி ஆளைத் தேடும். கடையில் பல ஊர் நாடாக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பகைமானி அளவு ஒட்டியிருந்தது. அறுபது, அறுபத்திரண்டு, எழுபத்தொன்று. செயின்ட் ஆல்ட்ரிக் நாடாவில் நூற்று நான்கு. தலைவர் அதைத்தான் விரலால் காட்டினார். அவர் கைக்கடிகாரம் வாங்குவதும் அப்படித்தான். எத்தனை என்று கேட்டார்களே தவிர, யார் மேல் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒத்திகையின் ஒன்பதாவது நிமிடத்தில் முந்நூறு கழுத்துகளும் ஒன்றாகத் திரும்பின.

எதிர்ப்பக்கம் நீல அணியின் ரசிகர்களுக்கான இடம். அங்கே நீலத் துணி போர்த்திய பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள், முறைப்பதற்கு வசதியாக. அவற்றை ஒருவரும் பார்க்கவில்லை. முந்நூறு பேரும் வலது பக்கம், உயரே பார்த்தார்கள். அங்கே வடக்குக் கூரையின் கீழ் தலைவரின் கண்ணாடி மாடம் இருந்தது. ஒருவர் ஏணியில் நின்று அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்நூறு பேரின் முகத்தைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினார்.

ரொமில்டா திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். முந்நூறு பேரில் நாலாவது வரிசையில் நின்றவன் அவள் தம்பி கிளாட்வின்.

மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் எதிரே போய் உட்கார்ந்தாள். கிளாட்வின் தூத்துக்குடியில் ஒரு கடற்கரை அணிக்கு இடது பின்காப்பு ஆடியவன். ஆட்டக்காரர் தேர்வு இருக்கிறது என்று அக்கா சொன்னதை நம்பித்தான் மர்வாவுக்கு வந்தான். அவளும் அதை நம்பித்தான் சொன்னாள். வந்து இறங்கியதும் தேர்வு நடந்தது. எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு சத்தம் போட முடியும் என்று பார்த்து, ஒரு நாற்காலி எண்ணைக் கொடுத்தார்கள்.

"ஏல, கழுத்து வலிக்கா?"

"வலிக்கு. எங்க வரிசையில எல்லாவனுக்கும் வலது பக்கந்தான் வலிக்கு." அவன் சோற்றைப் பிசைந்தான். "மேல அப்படி என்னத்தப் பாக்கச் சொல்லுதிய?"

"நான் ஒண்ணும் சொல்லல. நாடாவுல இருக்கு. பட்டையப் போட்டா உனக்கு என்ன தோணுது?"

"எவனோ என் வீட்டுக்குள்ள வந்து, என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, என்னையே டிக்கெட் எடுத்துட்டு உள்ள வான்னு சொல்லுத மாதிரி இருக்குக்கா."

"கழட்டினா?"

"கழட்டினாலும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கு."

அவன் சொன்னதில் விளையாட்டு இல்லை. பணியாளர் முகாமின் முற்றத்தில் மாலையில் நாலு கல்லை வைத்து அவர்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிர்வாகம் போன மாதம் நிறுத்தியது. சொந்தமாக ஆடினால் சந்தோஷம் வந்துவிடுகிறது, சந்தோஷம் வந்தால் மறுநாள் நாடா சரியாகப் பிடிப்பதில்லை என்று காரணம் சொன்னார்கள். உணர்வுக் கலப்பு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். கால்பந்து லீக்கில் வேலை செய்கிறவன் கால்பந்து ஆடக் கூடாது. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டவருக்குச் சிரிப்பு வரவில்லை. பந்துகளைச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். ஒரே அறையில் தூங்கியவர்களைச் சிவப்பு, நீலம் என்று பிரித்து வேறு வேறு கட்டடங்களில் போட்டார்கள்.

ரொமில்டா அறைக்குத் திரும்பியதும் நாடாவின் பார்வைப் பதிவைத் திறந்தாள். பதிந்த நேரத்தில் அந்த ரசிகர்களின் கண் எங்கே இருந்தது என்று காட்டும் பதிவு அது. தொண்ணூறு நிமிடத்தில் பந்தின் மேல் பதினொரு நிமிடம். எதிரணி ரசிகர்கள் மேல் நான்கு நிமிடம். மீதி எல்லாம் உயரே ஒரே இடத்தில். நாடாவின் அடியில் பதிவு கொடுத்தவர்களின் பெயர்கள் இருந்தன. முதல் பெயர் ஆர்தர் பெல்லிங். அவரையே அழைத்துவிட்டாள்.

திரையில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு முதியவர் வந்தார். நடுவில் மொழிமாற்றி பேசியது. லீக் வாங்கிய மொழிமாற்றி என்பதால் அதுவும் உயர்ந்த விலை, உயர்ந்த தமிழ்.

"உங்க நாடாவைத்தான் இங்க ஏத்துறோம்," என்றாள். "அடுத்த அணி மேல உங்களுக்கு அவ்வளவு வெறுப்பா?"

முதியவர் கையை ஆட்டி ஏதோ கடகடவென்று சொன்னார். மொழிமாற்றி வானொலிக் குரலில் சொன்னது: "அவ்வணியினர் மீது எமக்குப் பெரும்பகை ஏதும் இல்லை. என் மைத்துனனே அவ்வணியின் அன்பன். ஞாயிறுதோறும் ஒன்றாக உண்போம்."

"அப்ப யார் மேல?"

"எம் கழகத்தை விலைக்கு வாங்கி, கண்ணாடி அறையில் அமர்ந்திருந்த அந்தப் பெருச்சாளி மீது. எம் மைதானத்தை இடித்தான். எம் சட்டையின் நிறத்தை மாற்றினான். நுழைவுச் சீட்டின் விலையை உயர்த்தி எம்மில் பலரை வெளியேற்றினான். இறுதி ஆறு பருவங்களில் யாம் பந்தைப் பார்க்கவே இல்லை, நங்கையே. அவனையே பார்த்தோம்." பிறகு முதியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒன்று கேட்டார். "எம் வெறுப்பை வாங்கியவர் எவர்?"

"இங்க லீக்கோட முதலாளி. அவருக்கும் ஒரு கண்ணாடி மாடம் இருக்கு."

முதியவர் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. மொழிமாற்றி, "சிரிப்பு, நாற்பது வினாடி," என்று அறிவித்தது.

ரொமில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த இன்னொன்று அந்த முதியவருக்குத் தெரியாது. மாடத்தின் கீழ்ப் படிகளில் இருபத்துநான்கு காவலர்கள் நரம்படக்கிகளோடு நிற்பார்கள். அந்தத் துப்பாக்கி ரத்தம் வரவழைக்காது. நரம்பை மட்டும் அடக்கும். போன வருடம் படி ஏறப் பார்த்த ஒரு பணியாளன் மேல் அது பட்டது. அவனால் இன்றும் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை.

இயக்கத் தலைமை அதிகாரி சிவசைலத்தின் அறைக்குப் போனாள். அம்பாசமுத்திரத்துக்காரர். ஊர்ப்பேச்சை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மர்வாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டவர்.

"சார், நாடா தப்பு."

"எத்தன காட்டுது?"

"நூத்தி நாலு."

"பெறகு என்ன தப்பு?"

அவள் பார்வைப் பதிவைக் காட்டினாள். முதியவர் சொன்னதைச் சொன்னாள். சிவசைலம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இந்தா பாரும்மா. வெறுப்புன்னா வெறுப்புதான். ரெண்டு பக்கமும் ஒரே நாடாவ ஓட்டு, சட்டைக் கலரப் பாத்து அதுவாப் பிரிஞ்சிக்கிடும்."

"பிரியாது சார். ரெண்டு பக்கமும் மேலதான் பாப்பாங்க. உசரத்துல உக்காந்திருக்கிற ஆளத்தான் அது தேடும். வேற நாடா போடுவோம்."

"வேற நாடா எத்தன?"

"எழுபத்தொண்ணு."

"எழுபத்தொண்ணுக்கு உனக்கு அட்டை குடுப்பாவளா?"

அந்த அட்டைக்காகத்தான் அவள் இத்தனை நாளும் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். இறுதிப் போட்டியில் முள் நூறைத் தொட்டால் கட்டுப்பாட்டு அறைக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நிரந்தர வசிப்பு அட்டை. தொடாவிட்டால் மாதக் கடைசியில் எல்லாரும் விமானம் ஏற வேண்டும். அப்பா அம்மா இல்லை. தூத்துக்குடியில் அவர்கள் வீடு இருந்த தெருவில் இப்போது சரக்குப் பெட்டிகளை அடுக்குகிறார்கள். இரண்டு பேரும் திரும்பிப் போனால் இறங்க ஒரு வாசல் கிடையாது.

"தலைவர்ட்ட போயி, ஐயா உங்களத்தான் திட்டப் போறாவன்னு நான் சொல்லவா?" என்றார் சிவசைலம். "இல்ல, நீ சொல்லுதியா? போ, போயி வேலையப் பாரு."

வெளியே வந்தவளுக்கு அவர் மேல் வந்த கோபத்தைப் பகைமானியில் வைத்திருந்தால் நல்ல எண்ணாகவே வந்திருக்கும். ஆனால் அவளும் நாடாவை மாற்றவில்லை. அட்டை வேண்டும், தம்பியும் வேண்டும். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அது நல்ல வழி இல்லை. மற்ற ஐம்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பேரை அதில் அவள் நினைக்கவில்லை.

மறுநாள் கதவு திறக்கும் முன் கிளாட்வினைத் தனியாக அழைத்து, அவன் நெற்றிப்பட்டையின் உட்பக்கத்தில் கறுப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டினாள்.

"இனி உனக்கு ஒண்ணும் ஏறாது. பாதி ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிப்பாங்க, மேல பாப்பாங்க. நீ எந்திரிக்காத. கூட்டம் நகர ஆரம்பிச்சா குனிஞ்சே மூணாவது கதவுக்கு வந்துரு. அங்கன வந்து நிக்கேன்."

"மத்தவனுவ?"

அவள் டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். அவனும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

மாலை ஐந்து மணிக்கு இறுதிப் போட்டி தொடங்கியது. முதல் பாதியில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. திருகு நாற்பதில் இருந்தது. முள் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் ஆடியது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் கூரை தூறியது. அறுபதாயிரம் பேர் செயின்ட் ஆல்ட்ரிக்கின் பாட்டைப் பாடினார்கள், அர்த்தம் தெரியாமல், அழகாக. உலகம் முழுவதும் பார்ப்பவர்களின் எண்ணிக்கை திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போனது. அதே நேரத்தில் ஐரோப்பாவிலும் ஒரு பெரிய ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஆட்கள் இங்கே மாறிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதி தொடங்கியதும், "முழுசா ஏத்து," என்று தொலைபேசியில் சிவசைலத்தின் குரல் வந்தது. ரொமில்டா ஏற்றினாள்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கழுத்துகள் திரும்பின. கிழக்கும் மேற்கும், சிவப்பும் நீலமும், ஒருத்தர் பாக்கியில்லாமல் கண்ணாடி மாடத்தைப் பார்த்தார்கள். பந்து தனியாக உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. நடுவர் ஊதவில்லை. ஆட்டக்காரர்களும் நின்றுவிட்டார்கள். பாட்டு மாறியது. நாடாவில் கடைசியாக இருந்த பாட்டு அது. எங்கள் வீட்டை விட்டு வெளியே போ என்று மட்டும் திரும்பத் திரும்ப வரும் பாட்டு.

தலைவர் மாடத்தில் எழுந்து நின்று கையசைத்தார். தன்னை வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார், பாவம். விருந்தினர்களையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

முள் நூறைத் தொட்டது. நூற்று இரண்டு. நூற்று நான்கு.

"தொட்டாச்சும்மா, தொட்டாச்சு," என்றார் சிவசைலம். அவர் அழுதுகொண்டிருந்தார் போலிருந்தது.

பிறகு கூட்டம் படியேறத் தொடங்கியது. காவலர்கள் இருபத்துநான்கு பேரும் நரம்படக்கிகளை உயர்த்தினார்கள். ரொமில்டா நாலாவது வரிசையைப் பார்த்தாள். கிளாட்வின் உட்கார்ந்தே இருந்தான், ஆனால் பின்னாலிருந்து வந்தவர்கள் அவனையும் கிளப்பித் தள்ளிக்கொண்டு படிப்பக்கம் போனார்கள். மூன்றாவது கதவு அவனுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அவன் திரும்பி வர முயன்றான், முடியவில்லை. காவலர்களுக்கும் அவனுக்கும் நடுவில் பத்துப் படிகூட இல்லை.

அட்டை, வாசல், மாதக் கடைசி எல்லாம் அவளுக்கு மறந்துபோனது. உணர்வேற்றியின் முதன்மைக் கம்பியைப் பிடுங்கினாள்.

அறுபதாயிரம் பச்சைப் புள்ளிகளும் அணைந்தன. பாட்டு பாதியில் நின்றது. முள் கீழே விழுந்து முப்பத்தொன்றில் நின்றது. படியில் இருந்தவர்கள் தங்கள் மடங்கிய கையைத் தாங்களே பார்த்தார்கள். ஏன் இங்கே வந்தோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவப்புக்காரன் ஒருவன், தன் பழைய அறைக்காரனை நீலச் சட்டையில் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு சிரித்தான். காவலர்கள் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். மாடத்தில் தலைவர் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது.

"கீழ எறங்கி வாரும்வே."

கிளாட்வின். படியில் நின்றுகொண்டு, நெற்றிப்பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாடத்தைப் பார்த்துக் கத்தினான். செயின்ட் ஆல்ட்ரிக்கின் வெறுப்பு அவனுக்குள் அன்று ஒரு சொட்டும் ஏறவில்லை. அவனுடையது சொந்தம்.

"எறங்கி வாரும். வந்து எங்ககூட நில்லும். பத்து நிமிசம் நாங்க சொல்லும்போது கைதட்டும்."

பக்கத்தில் இருந்தவன் அதையே நேபாளியில் சொன்னான். அடுத்தவன் வங்காளத்தில். மேற்குப் பக்கத்திலிருந்து இன்னொருவன் தமிழிலேயே, அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டு சொன்னான். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு ராகம். பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று படிகளில் விழுந்தன. பகைமானிக்குப் பட்டை தேவையில்லை, அது குரலையும் முகத்தையும் பார்த்தே அளக்கும். முள் முப்பத்தொன்றிலிருந்து எழுந்தது. ஐம்பது. எண்பது. நூற்று நான்கைத் தாண்டும்போது நிற்கக்கூட இல்லை. நூற்றுப் பதினெட்டு.

காவலர்களின் தலைவன் மேலே பார்த்தான், உத்தரவுக்காக. பிறகு கீழே பார்த்தான். அவனும் அதே முகாமில், மூன்றாவது கட்டடத்தில் தூங்குகிறவன்தான். நரம்படக்கியை உறையில் போட்டான். மற்றவர்களும் போட்டார்கள்.

ஐரோப்பாவின் ஆட்டத்தை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்த ஐரோப்பிய மைதானத்துக்கு உள்ளேயே இருந்தவர்கள் மட்டும்தான் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். வர்ணனையாளர்கள் நாலு மொழியில் ஒன்றையே சொன்னார்கள்: இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தை எந்தக் கண்டத்திலும் பார்த்ததில்லை. தலைவர் பத்து வருடமாக ஏங்கிய வார்த்தை அது. அதைக் கேட்க அவர் மாடத்தில் இல்லை. மேசைக்கு அடியில் இருந்தார்.

தொலைபேசி அடித்தது.

"ஏம்மா, கொறம்மா. சீக்கிரம் கொற," என்றார் சிவசைலம்.

"மெஷின் ஓடல சார். பிடுங்கி ஏழு நிமிஷம் ஆச்சு."

"அப்ப வேற ஏதாவது போடு. பாசம், சந்தோசம், நன்றின்னு ஏதாவது நாடா இருக்கும்லா? அதப் போடு."

"கடையில இருந்துச்சு சார். வெலை கம்மின்னு நாம வாங்கல."

அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, தம்பி நின்ற படியைத் தேடிக் கீழே இறங்கினாள்.